எப்பவாவது ஒரு தடவை

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு எழுந்த சின்னவளின் முகத்தில் இருந்த திமிரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு வருடமாக நெஞ்சில் கட்டிக் காத்த ஒரு கோபத்தை நாலு பத்தியில், கண்ணியமான வார்த்தைகளில், கணித ஆதாரத்தோடு எழுதி, மேற்படிப்புக்கு ஆள் எடுக்கும் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பியாகிவிட்டது. வழக்கில் வென்றவள் போல மடிக்கணினியை மூடினாள். அந்த ஆதாரத்தில் ஓட்டை இருப்பது மறுநாள் காலைதான் அவளுக்குத் தெரிய வந்தது.

என்ன கோபம், என்ன ஆதாரம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சின்னவள் என்பது வீட்டுப் பெயர். அக்கா பெரியவள், இவள் சின்னவள், அவ்வளவுதான். அக்கா ஒரு பல் கிளினிக்கில் டாக்டருக்கு உதவியாளர். மாமா, அதாவது அக்காவின் கணவர், நகரப் பேருந்து ஓட்டுகிறார். கல்லூரிக்காக அவர்கள் வீட்டுக்கு வந்த சின்னவள், பட்டம் வாங்கிய பிறகும் அங்கேயே தங்கி, ஒரு டியூஷன் சென்டரில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அடுத்தவர் தப்பைச் சிவப்பு மையால் சுழிப்பதில் அவளை அடிக்க ஆள் கிடையாது.

கணக்குப் பட்டப்படிப்பில் இரண்டாம் வருடம் அனாலிசிஸ் என்று ஒரு பாடம். பள்ளியில் 'இது தெரிந்ததுதானே' என்று விட்டுவிட்ட எல்லாவற்றையும் அங்கே உட்கார்ந்து நிரூபிக்க வேண்டும். பாதிப் பேர் அதைப் பார்த்தாலே ஓடுவார்கள். சின்னவளுக்கோ அது என்றால் உயிர். அதை நடத்தியவருக்குக் கறார் சார் என்று பெயர். காலில் விழுந்தாலும் அரை மதிப்பெண் ஏற்றமாட்டார் என்பதால் வந்த பெயர். அவர் வைத்த ஆண்டுத் தேர்வில் முதல் கேள்வியைப் படித்ததுமே சின்னவளுக்குப் பொறி தட்டியது. கேள்வியே தப்பு.

கேள்வியைச் சாதாரணமாகச் சொன்னால் இதுதான். ஒருவன் இரண்டு கம்பங்களுக்கு நடுவே முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருக்கிறான். போகப் போக அவன் எடுத்து வைக்கும் எட்டு சிறிதாகிச் சிறிதாகி, ஒன்றுமே இல்லை என்கிற அளவுக்குப் போகிறது. ஆனாலும் இந்தக் கம்பத்தின் பக்கத்துக்கும் அந்தக் கம்பத்தின் பக்கத்துக்கும் திரும்பத் திரும்ப வருகிறான். அப்படியானால் நடுவில் உள்ள ஒவ்வொரு இடத்தின் பக்கத்துக்கும் அவன் திரும்பத் திரும்ப வந்தே தீரவேண்டும் என்று நிரூபிக்க வேண்டும்.

சின்னவள் நிரூபிக்கவில்லை. நடுவில் ஒரு வாய்க்கால் வெட்டினாள். அவளுடைய ஆள் இந்தக் கரையில் பொடி நடை, அந்தக் கரையிலும் பொடி நடை. எப்போதாவது ஒரு தடவை மட்டும் வாய்க்காலை ஒரே தாவாகத் தாண்டுவான். நாளாக ஆக அந்தத் தாவல் இன்னும் அரிதாகிக்கொண்டே போகும். எட்டுகளின் சராசரியை எடுத்துப் பார்த்தாள், அது சிறிதாகிக்கொண்டே போனது. ஆனால் வாய்க்காலுக்குள் அவன் கால் படுவதே இல்லை. ஆகவே கேள்வி தப்பு. இதை அவள் செதுக்கிச் செதுக்கி எழுதி முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. மற்ற கேள்விகளில் பாதிக்கு மேல் அப்படியே கிடந்தன. (ஓட்டை எங்கே என்று இப்போதே கண்டுபிடித்துவிட்டவர்கள் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருங்கள்.)

பாஸுக்கு மட்டும் எட்டுகிற ஒரு மதிப்பெண் வந்தது. அந்தக் கல்லூரியில், திருத்திய தாளை வந்து பார்க்க ஒரு நாள் ஒதுக்குவார்கள். மாணவர்கள் வரிசையில் நின்று, ஆசிரியர் எதிரிலேயே உட்கார்ந்து புரட்டிப் பார்த்து, வாதாடவும் செய்யலாம். சின்னவள் போகவில்லை. தப்பான கேள்வி கேட்டவரிடம் போய் நான் ஏன் கை கட்டி நிற்க வேண்டும் என்ற வீம்பு. அன்றிலிருந்து கறார் சார் எதிரே வந்தால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவாள்.

வீம்பு மதிப்பெண் பட்டியலில் ஏறாதே. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்தபோதுதான் அந்த ஒரு பாடம் தொண்டையில் முள்ளாக நின்றது. வகுப்பில் எப்போதும் முதலாவதாக வந்ததால் ரேங்க் என்று பெயர் வாங்கிய தோழி, நிறுவனங்களை மூன்றாகப் பிரித்துக் கொடுத்தாள். ஆசைக்குச் சில, தகுதி அளவுக்குச் சில, எதுவும் கிடைக்காவிட்டால் ஆபத்துக்குச் சில.

"ஆபத்துக்குப் பாவமில்லைன்னு சும்மாவா சொன்னாங்க. அதுல நெறைய போடு," என்றார் மாமா.

அளவுக்கு இருந்த இடங்களில் எல்லாம் கட்-ஆஃப் இருந்தது. அதன் வாசலிலேயே சின்னவளைத் திருப்பி அனுப்பினார்கள், விண்ணப்பத்தை மனிதக் கண் பார்த்ததா என்பதே சந்தேகம். ஆபத்துக்கு இருந்தவற்றில் ஒன்றில் இடம் நிரம்பிவிட்டது, இன்னொன்றில் பாடப்பிரிவையே மூடிவிட்டார்கள். ஆபத்துக்கு வைத்தவையே ஆபத்தில் இருந்தால் என்ன செய்வது. மிச்சம் இருந்தது ஆசைக்கு என்று வைத்த ஒன்றே ஒன்றுதான். அங்கே கட்-ஆஃப் கிடையாது. ஆனால் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது: 'எந்தப் பாடத்திலாவது குறைந்த மதிப்பெண் இருந்தால் அதற்கான காரணத்தை விளக்கவும்.'

இதுவும் போனால் அடுத்தது என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மாமாவுக்குத் தெரிந்தவர் மூலமாக ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை தயாராக இருந்தது. மூன்று வருடம் விலகமாட்டேன் என்று ஒப்பந்தம் போட வேண்டும். மாத முடிவுக்குள் இடம் கிடைக்காவிட்டால் கையெழுத்துப் போடுவதாகச் சின்னவள் வாக்குக் கொடுத்திருந்தாள். மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்து அனாலிசிஸ் படித்தவர்கள் யாரையும் அவளுக்குத் தெரியாது.

"ஒடம்பு சரியில்லன்னு எழுதிடேன். யாரு வந்து பாக்கப் போறா?" என்றாள் அக்கா.

"எனக்கு ஒடம்பு நல்லாத்தான்க்கா இருந்துச்சு. கேள்விதான் சரியில்ல," என்றாள் சின்னவள். அப்படியேதான் எழுதினாள். வாய்க்கால், தாவல், சராசரி எல்லாம் விளக்கி, கடைசியில் 'தேர்வாளரின் கவனக்குறைவால் நேர்ந்தது' என்று முடித்து அனுப்பினாள். ரேங்கிடம் முன்கூட்டியே காட்டியிருந்தாள். அவளும் படித்துப் பார்க்காமலே, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டாள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடச் சின்னவள் அந்த வாய்க்காலைச் சந்தேகக் கண்ணோடு பார்த்ததில்லை.

மறுநாள் காலை மாமாவின் மேல் டெப்போவிலிருந்து புகார் வந்திருந்தது. சடாரென்று பிரேக் போடுகிறார், பயணிகள் விழுகிறார்கள் என்று. மாமா தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவிடம் நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"முன்னெல்லாம் தெருவுக்கு ஒரு தடவ சடன் பிரேக் போடுவேன். ஒத்துக்குறேன். இப்ப எப்பவாவது ஒரு தடவதான். கொறச்சுக்கிட்டே வரேன்ல. அத மட்டும் எவனும் எழுத மாட்டேங்குறான்."

"எப்பவாவது போட்டா மட்டும் மெதுவாவா விழுவாங்க?" என்றாள் அக்கா. "நேத்து உங்க பஸ்ல விழுந்தவரு எங்க கிளினிக்குக்குத்தான் வந்தாரு. முன்பல்லு போச்சு. எப்பவாவதுங்கறதால பாதிப் பல்லா போயிருக்கு? முழுசாத்தான் போயிருக்கு."

"இல்ல, சராசரியா பாத்தா..."

"சராசரியக் கொண்டு போயி அவரு வாயில வைங்க."

சின்னவள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. வாயில் நுரையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவளை அக்கா இரண்டு தடவை கூப்பிட்டும் அவள் காதில் விழவில்லை. தாவல் அரிதாகிறது, சரி. ஆனால் தாவும்போதெல்லாம் அவன் முழு வாய்க்காலையும் அல்லவா தாண்டுகிறான். எட்டு சிறிதாகிக்கொண்டே போக வேண்டும் என்றால் ஒவ்வொரு எட்டும் சிறிதாக வேண்டும். தாவலும் ஒரு எட்டுதான். அது கடைசி வரை சிறிதாகவே இல்லை. கேள்வி சராசரியைப் பற்றிக் கேட்கவே இல்லை.

கேள்வி சரி. கறார் சார் சரி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கோணலை அளந்து, படம் போட்டு, நாட்டின் நல்ல கணித நிறுவனம் ஒன்றுக்குத் தன் கையாலேயே அனுப்பிவிட்டிருக்கிறாள். வாயைக் கொப்பளித்துவிட்டுக் குளியலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை, காது மடல் வரை கொதித்தது.

அனுப்பியதைத் திருத்த வழி இல்லை என்று அந்த இணையதளம் சிவப்பு எழுத்தில் சொன்னது. அன்றைக்கு அவள் திருத்திய விடைத்தாள்களில் ஒரு சுழியும் விழவில்லை. பிள்ளைகளுக்கு யோகம்.

சில நாட்களில் இன்னொரு இடி. மெயில் வந்தது. 'உங்கள் விண்ணப்பத்தைப் படித்தோம். காணொளி வழியாக உங்களுடன் பேச விரும்புகிறோம்.' நாளும் நேரமும் போட்டிருந்தது. வேறு சமயமாக இருந்தால் வீடே ஆடியிருக்கும். சின்னவளோ மாமாவையும் அக்காவையும் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னாள்.

மாமா யோசிக்கவே இல்லை. "வாயத் தொறக்காத. கேட்டா பாத்துக்கலாம், கேக்கலன்னா விட்டுடு. நுணலும் தன் வாயால் கெடும்."

"அவங்க கணக்கு வாத்தியாருங்க. அவங்களுக்கா தெரியாது?" என்றாள் அக்கா.

"தெரிஞ்சிருந்தா ஏன் கூப்புடுறாங்க? தெரியாததாலதான கூப்புடுறாங்க."

சின்னவளும் இதையேதான் ராப்பகலாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவர்களுக்குத் தெரியாது என்றால், தானே சொல்வது தன் தலையில் தானே மண் வாரிப் போட்டுக்கொள்வது. தெரியும் என்றால், எதற்குக் கூப்பிடுகிறார்கள்? நேரில் வைத்துக் கேள்வி கேட்கவா? எந்தப் பக்கம் யோசித்தாலும் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் லாபம் என்று வந்தது. கணக்கு அப்படித்தான் சொன்னது. ஆனால் சோறு இறங்கவில்லை.

"நீ என்ன செய்யப் போற?" என்றாள் அக்கா.

"தெரியலக்கா. கேட்டா சொல்லிடுவேன்."

"கேக்கலன்னா?"

சின்னவள் சோற்றுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வீட்டில் இணையம் நொண்டும் என்பதால் நேர்காணலுக்கு அக்காவின் கிளினிக்கில் ஒரு அறை கிடைத்தது. பல் அச்சுகளை அடுக்கி வைக்கும் சின்ன அறை. நோயாளிகளின் வாயை அச்சு எடுத்துச் வெள்ளைச் சாந்தில் வார்த்த தாடைகள் சுவர் முழுக்கப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. பக்கத்து அறையில் பல் குடையும் இயந்திரம் விட்டு விட்டுக் கிறீச்சிட்டது. அக்கா வாசலில் காவல் நின்றாள்.

திரையில் இருவர் வந்தார்கள். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்த ஒரு அம்மாள், கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைக்கும் ஒருவர். இருவரும் அங்கே பேராசிரியர்கள்.

"உங்களுக்குப் பின்னால இருக்கிறது... பல்லா?" என்றார் அந்த அம்மாள்.

"ஆமா மேடம். எங்க அக்கா வேல செய்யுற எடம்."

"சரி. அதுங்க மட்டுமாவது சிரிக்கட்டும்," என்றார் கண்ணாடிக்காரர். அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை.

கேள்விகள் சரமாரியாக வந்தன. அல்ஜீப்ராவில் ஒன்று, சொன்னாள். நேரியல் இயற்கணிதத்தில் ஒன்று, தடுமாறிச் சொன்னாள். ஒரு தொடர் குவியுமா குவியாதா என்று ஒன்று. அதற்குத் தெரியாது என்றாள், யோசித்துப் பாருங்கள் என்றார்கள், யோசித்தாள், பாதி வந்தது. ஒவ்வொரு கேள்வியும் முடியும்போது அடுத்தது வாய்க்கால்தான் என்று நினைத்தாள். வரவில்லை. ஏன் கணக்கு என்று கேட்டார்கள். யாரிடம், என்ன படிக்க ஆசை என்று கேட்டார்கள். அந்த மதிப்பெண்ணைப் பற்றி இருவரும் மூச்சே விடவில்லை.

"சரி, எங்க பக்கம் முடிஞ்சது. உங்களுக்கு எதாவது கேக்கணுமா?" என்றார் அந்த அம்மாள்.

அவ்வளவுதான். 'ஒண்ணும் இல்ல மேடம், நன்றி' என்று சொன்னால் கரை ஏறிவிடலாம். மாமாவின் தவளை அவள் தொண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு வாயைத் திறக்காதே என்றது. கதவிடுக்கில் அக்காவின் முகம் தெரிந்தது. அக்கா சொல் என்றும் தலையாட்டவில்லை, வேண்டாம் என்றும் தலையாட்டவில்லை, பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கேக்குறதுக்கு ஒண்ணும் இல்ல மேடம். சொல்றதுக்கு ஒண்ணு இருக்கு," என்றாள் சின்னவள். அவள் குரலே அவளுக்கு வேறு யாருடையதோ போலக் கேட்டது. "அனாலிசிஸ் கேள்வி தப்புன்னு நான் எழுதினது தப்பு. கேள்வி சரிதான். அனுப்பின மறுநாள்தான் தெரிஞ்சது."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "எங்க தப்பு?"

"தாவுறது அரிதாகுது. ஆனா சின்னதாகல. நான் சராசரியப் பாத்தேன். கேள்வி ஒவ்வொரு எட்டையும் கேக்குது."

"அப்ப அந்தக் கூற்று உண்மை."

"உண்மை."

"நிரூபிங்க."

கையில் பேப்பர் இல்லை, பேனா வெளியே பையில் இருந்தது. எழுந்து போனால் குரல் உடைந்துவிடும் என்று பயந்து, பின்னால் கையை நீட்டி ஒரு தாடையை எடுத்தாள். யாரோ ஒருவரின் கீழ்த்தாடை, முன்பல் ஒன்று இல்லாதது. மேசையில் வைத்து, ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் அதன் மேல் நடக்கவிட்டாள்.

"இந்தப் பல்லு இல்லாத எடம்தான் வாய்க்கால். எவ்வளவு குறுகலா வேணும்னாலும் இருக்கட்டும். எட்டு சிறுத்துக்கிட்டே வருது. ஒரு கட்டத்துக்கு அப்புறம் எந்த எட்டும் இந்த அகலத்த விடச் சின்னதுதான். அப்ப இதத் தாண்ட முடியாது, உள்ள கால் வச்சுத்தான் போகணும். ரெண்டு பக்கமும் திரும்பத் திரும்ப வரணும்னா, திரும்பத் திரும்ப உள்ள கால் வைக்கணும். எந்த எடத்துல வாய்க்கால வெட்டினாலும் இதேதான். அதனால நடுவுல இருக்குற எல்லா எடத்துக்குப் பக்கத்துலயும் அவன் வந்துகிட்டே இருப்பான்."

விரல் அந்த ஓட்டைக்குள் நின்றது. இவ்வளவுதான். தேர்வு அறையில் மணி அடிக்கும்வரை மல்லுக்கட்டியது இந்த நாலு வரிக்காகத்தான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"படிச்சதுமே நாங்க பாத்துட்டோம்," என்றார் அந்த அம்மாள். "நீங்களா சொல்லலன்னா நாங்க கேக்குறதா இல்ல. நன்றி சொல்லி முடிச்சிருப்போம். அத்தோட முடிஞ்சிருக்கும்."

சின்னவள் விரலை அந்த ஓட்டையிலிருந்து எடுத்தாள்.

"ஆனா இதுல ஒருத்தரக் கவனக்குறைவுன்னு எழுதியிருக்கீங்க," என்றார் கண்ணாடிக்காரர். "அவருகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"நீங்க படிக்க ஆசப்படுறதும் அனாலிசிஸ்தான். அந்தப் பாடம் நடத்தினவரோட பரிந்துரை இல்லாம நாங்க எப்படி முடிவெடுக்க? அவருகிட்டருந்து ஒரு கடிதம் வரட்டும். வெள்ளிக்கிழமைக்குள்ள. நல்லதா எழுதணும்னு இல்ல. அவரு என்ன நெனைக்கிறாரோ அத எழுதட்டும்."

திரை அணைந்தது. அக்கா உள்ளே வந்து, எடுத்த தாடையைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்தாள். "அந்தாளு பல்லு கட்ட வரும்போது ஒரு டீ வாங்கிக் குடுக்கணும்," என்றாள்.

மறுநாள் கல்லூரி. கறார் சாரின் அறைக்குப் போகும் நடைபாதை அப்படியேதான் இருந்தது, கடைசி வருடம் முழுக்க அவள் பார்த்துப் பழகிய சுவர் உட்பட. கதவு திறந்திருந்தது. இரும்பு அலமாரிக்கும் மேசைக்கும் நடுவே அவர் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"வணக்கம் சார்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஓ. இந்தப் பக்கம் சுவர் இல்லையே, எப்படி வந்த?"

அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. சின்னவள் நின்றபடியே சொல்லி முடித்தாள். எழுதியது, அனுப்பியது, தப்பு தெரிந்தது, நேர்காணல், வெள்ளிக்கிழமை, எல்லாம். எதையும் மெழுகவில்லை. அச்செடுத்துக் கொண்டுவந்திருந்த அந்த நாலு பத்தியை மேசையில் வைத்தாள். அவர் உட்கார்ந்து, மாணவர் தாள் படிப்பது போலவே, வரிக்கு வரி பேனா முனையை நகர்த்திப் படித்தார். படித்து முடிக்கும்வரை அவளை உட்காரச் சொல்லவில்லை.

"'தேர்வாளரின் கவனக்குறைவு'," என்றார்.

"மன்னிச்சுக்குங்க சார்."

"கவனக்குறைவு யாருக்குன்னு பாத்தியா? சராசரிக்கும் ஒவ்வொண்ணுக்கும் வித்தியாசம் தெரியாம எழுதியிருக்க."

"ஆமா சார்."

"உக்காரு." பேனாவை மூடி வைத்தார். "அன்னைக்கு இதத் திருத்தும்போது எனக்குக் கை ஓடல. கேள்விதான் தப்போன்னு பயந்துட்டேன். எந்திரிச்சுப் போயி தண்ணி குடிச்சிட்டு வந்து மறுபடி பாத்தேன். அப்புறம்தான் புடிபட்டுச்சு. என்னையே ஆட்டி வச்சிட்ட. அதுக்காக மார்க் போட முடியுமா? தப்பு தப்புதான்."

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தாள் பாக்குற நாள் அன்னைக்கு உன் தாள மேலயே எடுத்து வச்சிருந்தேன். நீ வருவ, சண்ட போடுவ, ஒக்காந்து பேசலாம்னு. எல்லாரும் வந்தாங்க. அழுதுட்டுப் போனாங்க, திட்டிட்டுப் போனாங்க. ஆள் வந்து லைட்ட அணைக்கிற வரைக்கும் நானும் உக்காந்திருந்தேன்."

அதுவரை அடக்கி வைத்திருந்தது அங்கேதான் உடைந்தது. அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இரண்டு வருடம் ஒரு மனிதர் தன்னை மட்டம் தட்டினார் என்று நினைத்திருந்தாள். அவர் தனக்காகக் காத்திருந்திருக்கிறார். அந்தக் கோபத்தைத் தூக்கிச் சுமந்த நேரத்தில் இந்த அறைக்குள் ஒரு தடவை வந்திருந்தால் போதும்.

"அழாத. அழுதா மார்க் ஏறாதுன்னு இந்தக் கல்லூரிக்கே தெரியும்," என்றார் கறார் சார். "கடிதம் அனுப்புறேன். உள்ளத உள்ளபடி எழுதுவேன். அது உனக்கு நல்லதா கெட்டதான்னு அவங்கதான் சொல்லணும். போ."

அவர் என்ன எழுதினார் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

வெள்ளிக்கிழமை போனது. அடுத்த வாரமும் போனது. நிறுவனத்திலிருந்து ஒரு வார்த்தை இல்லை. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து மட்டும் நாள் தவறாமல் ஃபோன். சின்னவள் மெயிலைத் திறந்து திறந்து பார்த்ததில் ஃபோனின் திரையே தேய்ந்துபோயிருக்கும். மாமா தவளைப் பழமொழியை மறுபடி எடுக்கவில்லை, அதற்காகவே அவருக்கு ஒரு பதக்கம் தரலாம். மாதத்தின் கடைசி நாள் வந்தது. வாக்கு வாக்குதான். சின்னவள் சான்றிதழ்களைப் பையில் வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கிளம்பினாள். மாமா ஓட்டும் பேருந்தே அந்த வழியாகத்தான் போகும். அதிலேயே ஏறி, அவர் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

புகாருக்குப் பிறகு மாமா வண்டியைத் தொட்டிலாட்டுவது போல ஓட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தம் வருவதற்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்து, கிழவர்கள்கூட அலுத்துக்கொள்ளும்படி நிறுத்துவார். டெப்போவில் பாராட்டே வாங்கிவிட்டார்.

"இறங்க வேண்டியது அடுத்த ஸ்டாப். பேனா எடுத்துக்கிட்டியா?" என்றார் கண்ணாடியில் பார்த்தபடி.

"எடுத்துக்கிட்டேன் மாமா."

அப்போது பையில் ஃபோன் அதிர்ந்தது. டியூஷன் சென்டராக இருக்கும் என்று எடுத்தாள். முதல் வரியைப் படித்தாள். புரியவில்லை. மறுபடி படித்தாள். ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள், ஒரு தடவை பட்டது போதும் என்று. 'சேர்க்கை வழங்கப்படுகிறது. நிபந்தனை: முதல் பருவத்தில் அனாலிசிஸ் தேர்வை மீண்டும் எழுதித் தேற வேண்டும்.'

"மாமா," என்றாள். "எடம் கெடச்சிருச்சு."

பேருந்து சடாரென்று நின்றது.

நின்றிருந்தவர்கள் எல்லாம் ஒருவர் மேல் ஒருவர் சரிந்தார்கள். ஒரு பெண்ணின் கைப்பை முன்னால் வரை உருண்டு வந்தது. "யோவ், இப்படியாய்யா பிரேக் போடுவ?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க. எப்பவாவது ஒரு தடவதான்..." என்று ஆரம்பித்த மாமா நாக்கைக் கடித்துக்கொண்டார். கண்ணாடியில் அவர் கண் கலங்கியிருந்தது. "சின்னவளே, எல்லாருக்கும் பல்லு இருக்கான்னு பாரு. உங்க அக்கா என்னக் கொன்னுடுவா."

சின்னவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு, திரும்பி, ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். திட்டுவதற்காக எல்லோரும் வாயைத் திறந்தே வைத்திருந்ததால் பார்ப்பது சுலபமாக இருந்தது.

"இருக்கு மாமா. எல்லாருக்கும் இருக்கு."

பேருந்து மெதுவாக நகர்ந்தது. அடுத்த நிறுத்தத்தில் அவள் இறங்கவில்லை.